காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுக்க மனுக்களை வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்தேன். இப்போது மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, சொத்து வரி என்று வருகிற காரியங்கள் அன்றைக்கு இருந்தவைதான். வருகிறவர்கள் கையில் இருப்பதுதான் மாறிவிட்டது. அன்றைக்கு ஓர் ஆணையின் நகலைக் கொண்டுவருவார்கள். அடியில் ஓர் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். இன்றைக்குக் கைப்பேசியை நீட்டுகிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி. அலுவலகத்தில் போய் விசாரித்தால், "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சும்மா, எங்க கையில ஒண்ணுமில்ல" என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, தலையெழுத்து என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அப்படித் திரும்பாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கணினி வந்ததில் எனக்கு மனக்குறை கிடையாது. ஒரு சாதிச் சான்றிதழுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்தவன் நான். மேசைக்கு மேசை கை நீட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு இ-சேவை மையத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருக்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அதைக் கணினியோடு சேர்த்துக் கொண்டுவர மறந்துவிட்டோம்.

ஓர் அம்மாள் ஓய்வூதியம் கேட்டு மனு கொடுத்தால், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுதுவார். வருவாய் ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்துத் தன் பங்குக்கு எழுதுவார். எழுத்தர் இரண்டையும் படித்துக் குறிப்புக் கோப்பில் தன் கருத்தை வைப்பார். தாசில்தார் அதன் கீழே ஆணை எழுதுவார். மனு தள்ளுபடி என்றால், மனுதாரருக்கு ஆதரவு தரும் மகன் இருப்பதால் தகுதியில்லை என்று காரணம் வரும். அந்த ஒரு வரி இருந்தால் போதும். "மகன் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். ஒரு காலணா அனுப்பினதில்ல. தெருவில யாரை வேணும்னாலும் கேளுங்க" என்று அந்த அம்மாள் மேல்முறையீட்டில் பேச முடியும். முடிவு தவறாக இருந்தாலும் அதைப் பிடித்து இழுக்க ஒரு நுனி கிடைத்தது. காரணம் எழுதாத ஆணை மேலிடத்தில் நிற்காது என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணத்தாலேயே நிற்க வேண்டும், பிறகு புதுக் காரணங்களைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக்கொடுக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970-களிலேயே சொல்லிவிட்டது. காரணங்களைப் பதிவு செய்வது நிர்வாக அதிகாரிகளின் கடமை என்று 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் இன்னும் விரிவாகச் சொன்னது. முடிவை எழுதும் கை மாறியதால் இந்தச் சட்டம் மாறிவிடவில்லை.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். முதலில் தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல். இத்தனை பேரின் தகுதியையும் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்து முடிவு செய்ய எத்தனை வருவாய் ஆய்வாளர்கள் இருந்தாலும் போதாது. அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளோடு விண்ணப்பங்களை ஒப்பிட்டார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் ஐந்து ஏக்கருக்கு மேலோ, புன்செய் பத்து ஏக்கருக்கு மேலோ இருக்கக் கூடாது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கக் கூடாது. வீட்டில் யாரும் வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. சொந்தமாகக் கார், ஜீப், டிராக்டர் போன்ற வாகனம் இருக்கக் கூடாது. மின்வாரியக் கணக்கு ஒரு பக்கம், வாகனப் பதிவு ஒரு பக்கம், வருமான வரிக் கணக்கு ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் கணினி சேர்த்துப் பார்த்துப் பெயர்களைப் பிரித்தது.

இங்கே அரசு செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தேர்வாகாதவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் காட்டினார்கள். இந்த இரண்டும் இருந்ததால்தான் என் திண்ணையில் வேலை நடந்தது.

எங்கள் பகுதியில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்மணி ஒருவர் அந்தக் குறுஞ்செய்தியோடு வந்தார். "ஐயா, எங்க வீட்ல ஓட்டச் சைக்கிள்கூட இல்ல. கார் இருக்காம்யா" என்று அழுதார். அவர் கணவர் முன்பு பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டியவர். கட்டுப்படியாகாமல் அதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பணம் கைக்கு வந்தது, சாவி கைமாறியது. ஆர்சி புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவே இல்லை. வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று இவர் இருந்துவிட்டார். கணினியைப் பொறுத்தவரை அந்தக் கார் இன்னும் இவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. விற்றபோது எழுதிய ரசீதின் நகலை இணைத்து மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். கணவரை மறுநாளே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கார் எங்கேயாவது யார் மீதாவது மோதியிருந்தால் இந்த மாவுக்கடைக் குடும்பத்தின் தலையில்தான் விடிந்திருக்கும். விசாரணை முடிந்து அவருக்குப் பணம் வரத் தொடங்கியது. காரணம் தெரிந்ததால் ஆயிரம் ரூபாயும் கிடைத்தது, தலைக்கு மேல் தொங்கிய ஓர் ஆபத்தும் விலகியது.

இதே போல, ஒரே மின் இணைப்பில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்கும். யூனிட் கணக்கு எகிறியிருக்கும். தாத்தா பெயரில் கிடக்கும் பாகப்பிரிவினை ஆகாத நிலம், ஒரே பேரனின் கணக்கில் மொத்தமாகத் தெரியும். கணினி பொய் சொல்வதில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் சொல்கிறது. பதிவேட்டுக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

காரணமே சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவைப் பார்க்கலாம். அங்கே சமக்ர வேதிகா என்ற மென்பொருளை வைத்துக் குடும்ப அட்டைகளைச் சரிபார்த்தார்கள். பல துறைகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரைப் பெயர் ஒற்றுமையால் கார் வைத்திருப்பவர் என்று முடிவு கட்டியது. அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை போயிற்று. ரத்தான அட்டைகள் ஏறக்குறைய 19 லட்சம். உங்கள் அட்டையை ரத்து செய்யப்போகிறோம், உங்கள் பதில் என்ன என்று முன்கூட்டியே கேட்கவில்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்ற பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022-இல் அந்த அட்டைகளை நேரடியாக ஆய்வு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மானிய அரிசி இல்லாமல் அந்த வீடுகளில் உலை எப்படிக் கொதித்தது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதே 2022-இல் ஹரியானாவின் ரோத்தக் நகரில் 102 வயது முதியவர் ஒருவர் அலங்கரித்த வண்டியில் ஏறி ஊர்வலம் போனார். பதிவேட்டில் அவர் இறந்தவர் என்று ஏறிவிட்டதால் ஓய்வூதியம் நின்றுபோயிருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டத்தான் அந்த ஊர்வலம். செய்தித்தாள்களில் படம் வந்தது, ஓய்வூதியமும் திரும்ப வந்தது. ஊர்வலம் போக முடியாமல் கட்டிலில் கிடக்கும் முதியவர் என்ன செய்வார்?

சரி, காரணம் வராவிட்டால் எப்படிக் கேட்பது? இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றாலே பெரிய ஊழலை வெளியே கொண்டுவருகிறவர்களுக்கு உரியது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சாதாரண மனுதாரருக்கும் அது உரியதுதான். 2005-ஆம் ஆண்டின் அந்த மத்தியச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு சின்னது. அதிகம் பேர் கண்ணில் படாதது. ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவின் காரணங்களை அரசு அலுவலகம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேட்டால் தரலாம் என்று சொல்லவில்லை. தர வேண்டும் என்கிறது. பஞ்சாயத்து, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, தாலுகா எல்லாம் இதற்குள் வரும். முடிவை மனிதர் எடுத்தாரா மென்பொருள் எடுத்ததா என்ற பாகுபாடு அதில் கிடையாது.

ஆனால் மனுவில் ஏன் என்று மட்டும் எழுதினால் தட்டிக் கழித்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், புதிதாக உருவாக்கித் தரத் தேவையில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி, விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று பதில் வரும். ஆகவே பாதிக்கப்பட்டவர் நான்தான் என்று விண்ணப்ப எண்ணோடு முதலிலேயே குறிப்பிட்டு, 4(1)(ஈ) பிரிவின்படி காரணம் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு நிற்காமல் பதிவுகளைக் கேளுங்கள். என் விண்ணப்பத்தை எந்த அரசாணையின் எந்த நிபந்தனைப்படி தள்ளினார்கள், அதன் நகல். என்னைப் பற்றிய எந்தத் தகவலை எந்தத் துறையின் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள், அது எந்தத் தேதி நிலவரம். நேரடி விசாரணை நடந்ததா, நடந்திருந்தால் அறிக்கையின் நகல். முடிவுக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி. மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள். இவ்வளவையும் கேட்டுவிட்டால், ஏன் என்ற கேள்விக்கு விடை தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

தமிழிலேயே எழுதலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதையும் ஒட்ட வேண்டாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும், ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் மட்டும் வராதீர்கள். ஒப்புகை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

சென்ற ஆண்டு ஒரு விதவைத் தாய் சொத்து வரிச் சீட்டோடு வந்தார். வரி திடீரென்று ஏறியிருந்தது. நகராட்சியில் கேட்டதற்கு, மேலிருந்து எடுத்த படத்தை வைத்துப் பரப்பளவைக் கணக்கிட்டதாகச் சொன்னார்களாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. மேலே சொன்ன மாதிரி மனு எழுதினோம். அந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பரப்பளவு, தளங்களின் எண்ணிக்கை, மண்டலம், பயன்பாட்டு வகை, வரி கணக்கிட்ட தாள் எல்லாவற்றையும் கேட்டோம். பதில் வந்தது. மொட்டை மாடியில் வடகம் காயப்போட, வெயிலுக்கு மறைப்பாகப் போட்டிருந்த தகரக் கொட்டகையை முதல் தளம் என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தகரமும் ஒன்றுதான், தளமும் ஒன்றுதான். வரி வசூலிப்பவர் நேரில் வந்து டேப் பிடித்து அளந்தார். வரி குறைந்தது. வந்தவர் நல்ல பிள்ளை. "எனக்கே இப்பதான் பெரியப்பா தெரியுது, லிஸ்ட்ல வர்ற தொகையைத்தான் நாங்க கேக்குறோம்" என்றார்.

அந்தப் பிள்ளை சொன்னதை யோசித்துப் பாருங்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை எதிரி என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவருக்கும் காரணம் தெரியாது. திரையில் சிவப்பாக வருகிறது, அவ்வளவுதான் அவர் அறிந்தது. அவரிடம் சத்தம் போடுவதால் பயனில்லை. எழுத்தில் கேட்டால் அவர் அதை மேலே அனுப்பியாக வேண்டும்; மேலே இருப்பவர் மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களிடம் கேட்டாக வேண்டும். எந்தப் படியில் விடை இல்லையோ, அந்தப் படியில் இருக்கும் ஓட்டை அலுவலகத்துக்கே தெரியவரும். ஒருவர் கேட்ட கேள்வியால் அவரைப் போன்ற நூறு பேரின் கணக்கு சரியாகும்.

மென்பொருள் தனியார் நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று ஒரு பதில் வரக்கூடும். வணிக ரகசியத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. பொதுநலன் பெரிதென்றால் அந்த விலக்கு விலகும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஸ்வீடனில் ட்ரெல்லபோரி என்றொரு சிறு நகராட்சி, ஏழைகளுக்கான உதவித்தொகையைக் கணினியை வைத்தே முடிவு செய்தது. பத்திரிகையாளர் ஒருவர் அந்த நிரலையே காட்டச் சொன்னார். நகராட்சி மறுத்தது. நிரலும் பொது ஆவணம்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நமக்கு நிரல்கூடத் தேவையில்லை. எடைக்கல்லைக் காட்டாமல் எடை போடும் கடையில் யாரும் அரிசி வாங்குவதில்லை. எந்த விதியை எந்தத் தகவலின் மீது வைத்து எடை போட்டீர்கள் என்று தெரிந்தால் போதும். அரசாணையில் உள்ள விதி எந்த நிறுவனத்துக்கும் ரகசியச் சொத்து ஆக முடியாது.

ஐரோப்பிய நாடுகளில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்க எந்திரத்தால் எடுக்கப்பட்ட முடிவில் மனிதர் ஒருவர் தலையிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைத் தருகிறது. நம் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. தமிழ்நாடு அரசு 2020-இலேயே செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையும் பொறுப்பேற்பும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கொள்கையைக் காட்டி யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. அது சட்டமாக வேண்டும். நிராகரிப்புச் செய்தி ஒவ்வொன்றிலும் விதி, ஆதாரம், பொறுப்பான அதிகாரி, மேல்முறையீட்டு வழி ஆகிய நான்கும் இருந்தே தீர வேண்டும் என்று சட்டமன்றம் கட்டாயமாக்க வேண்டும். உரிமைத் தொகையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு மத்தியில் காரணத்தையும் வழியையும் அனுப்ப முடிந்தது என்றால், சொத்து வரிக்கும் ஓய்வூதியத்துக்கும் அனுப்ப முடியாது என்பது நான் ஒப்புக்கொள்கிற வாதம் இல்லை.

கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?" என்று மனுவில் எழுதச் சொல்லிப் பலர் என்னிடம் மன்றாடுகிறார்கள். எழுத மாட்டேன். அடுத்தவர் வீட்டு வருமானமும் நிலக்கணக்கும் நமக்கு வேண்டாம். அதைக் கேட்டால் அவர் வாழ்க்கையைக் கிளறியதாக ஆகும். அந்த ஒரு கேள்வியைக் காட்டி மனு முழுவதையும் ஓரம் கட்டவும் இடம் கொடுக்கும். உங்கள் கணக்கைக் கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள். காரணம் வந்து, அது நியாயமாகவும் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு உதவித்தொகை இல்லை என்றால் அது சரியான முடிவுதான். அதையும் என் திண்ணையில் வைத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எழுத்தர்கள், தபால்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறீர்கள். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். நிராகரிப்புச் செய்தியோடு உங்கள் வாசலுக்கு ஒருவர் வந்தால், விதியே என்று தேற்றி அனுப்பாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, விண்ணப்ப எண்ணை முதல் வரியில் எழுதி, மனுவைத் தொடங்கிக் கொடுங்கள்.